ஏழு மணி மகன்

சேந்தன் தினமும் மாலை ஏழு மணிக்குத் தன் அம்மாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஒரு நாளும் தவறியதில்லை. அந்த நேரத்தில் அவன் பெரும்பாலும் கோவை மசக்காளிபாளையம் முக்கில் உள்ள டீக்கடையில் நின்று வடை தின்றுகொண்டிருப்பான்.

கேட்டது அவன் குரல் மட்டும். வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் அம்மாவின் போனிலிருந்து அது வரும்.

"அம்மா, இன்னிக்கு உள்ள வலி ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சாமி. நல்லாத்தான் இருக்கறேன். நீ சாப்டியா?"

"சாப்பிட்டேன்மா."

அந்தக் கடைசி வரியை எழுதியது சேந்தன்தான். முதல் பதிப்பில் அது கிடையாது. மெஷினிடம் "நீ சாப்டியா" என்று கேட்ட அம்மாக்கள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று அவன் வேலை பார்க்கும் கம்பெனி எதிர்பார்க்கவில்லை. பதில் வராததால் சிலர் பதறிப்போய் நிஜ மகனுக்கே போன் போட்டார்கள். நிஜ மகன்கள் எரிச்சலடைந்து கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அந்த ஒரு வரி எல்லோரையும் சமாதானப்படுத்தியது. அதற்காக ஆண்டு விழாவில் சேந்தனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

கல்லூரியில் அவன் நடத்திய கேலிப் பத்திரிகையைப் பார்த்துத்தான் இந்த வேலையே கிடைத்தது. பிரின்சிபாலைப் பற்றி எழுதி இரண்டு முறை சஸ்பெண்ட் ஆனவன், இடுப்புக்குள் வைக்கும் வலைக்கு வசனம் எழுதப் பொருத்தமானவன் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

வலையின் பெயர் தாங்கி. பிள்ளை பெற்று, பாரம் தூக்கி, பனியன் கம்பெனியில் நின்றே வேலை பார்த்துக் கர்ப்பப்பை இறங்கிப்போன பெண்களுக்கு உள்ளே வைத்துத் தைப்பது. பழைய காலத்து வலைகள் சதையை அறுத்து, உலகம் முழுக்க வழக்கு நடந்து, கடையைக் கட்டிவிட்டன. தாங்கி அப்படியல்ல. அது கேட்டு நடந்துகொள்ளும் வலை.

சேந்தன் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமைப் பொறியாளர் மோகன்குமார் இதை விளக்கினார்.

"எடைய அளக்கலாம், சூட்ட அளக்கலாம். வலிக்கு இன்னும் மீட்டர் வரல தம்பி. சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். டாக்டர் வலையத் தளர்வாத்தான் வெச்சுத் தைப்பார். அப்புறம் தினமும் ஒரே ஒரு கேள்வி. வலி இல்லைன்னு சொன்னா ஒரு மயிரிழை இறுகும். வலிக்குதுன்னா உடனே தளர்ந்துக்கும். கொஞ்ச நாள்ல அவங்கவங்க உடம்புக்குத் தோதான இடத்துல வந்து நின்னுடும்."

எழுந்து நின்று தன் பெல்ட்டை ஓர் ஓட்டை இறுக்கினார். இன்னோர் ஓட்டை. முகம் சிவந்தது. "இப்ப எனக்கு வலிக்குது. நான் என்ன பண்றேன்? சொல்லிடறேன்." பெல்ட்டைத் தளர்த்திவிட்டு மூச்சு விட்டார். "அவ்வளவுதான் டெக்னாலஜி."

கேள்வியை யார் குரலில் கேட்பது என்பதுதான் பாக்கி இருந்தது. டாக்டர் குரல் பயமுறுத்தும் என்றார்கள். நர்ஸ் குரல் ஊசியை ஞாபகப்படுத்தும் என்றார்கள். சேந்தன்தான் கை தூக்கினான்.

"சார், எங்கம்மா எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாங்க. ஏன், அவங்க மகன் குரலையே எடுத்துப் போட்டுட்டா என்ன? போன்ல பேசினது எல்லாம் இருக்குமே."

அறை ஒரு கணம் நெகிழ்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் எதையும் மறைக்காத அம்மா ஒருத்தி இருந்தாள். மோகன்குமாருக்குக் கண்கூடக் கலங்கியது.

அறையில் ஒரே ஒரு பெண், நிவேதிதா, மட்டும் சொன்னாள். "எங்கம்மா இதையெல்லாம் என் தம்பிகிட்டச் சொல்லவே மாட்டாங்க சார். எங்கிட்டயே பாதிதான் வரும்."

"உங்க வீட்டுல கொஞ்சம் பழைய காலம் போலிருக்கு," என்றார் மோகன்குமார் பரிவோடு.

நிவேதிதா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டாள்.

மகன் இல்லாதவர்களுக்கு மகள் குரல், அதுவும் இல்லாதவர்களுக்கு நர்ஸ் குரல் என்று முடிவாயிற்று. முதல் இலவச முகாமுக்குத் தன் ஏரியாவையே சிபாரிசு செய்தான் சேந்தன். அவனே வீடு வீடாகப் போனான். கூடப் படித்தவர்களின் அம்மாக்கள், கிரிக்கெட் ஆடும்போது ஜன்னல் உடைந்தாலும் திட்டாத அம்மாக்கள், எல்லோரும் "நம்ம சேந்தன் கம்பெனிங்களாமா" என்று வந்தார்கள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டது அவன் அம்மா சாந்தாமணி. அப்பா காலமான பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஆறே மாதத்தில் முடிவுகள் வந்தன. மகன் குரல் கேட்ட பெண்கள் கிட்டத்தட்ட எல்லோருமே வலியின்றி இருந்தார்கள். மகள் குரலும் நர்ஸ் குரலும் கேட்டவர்கள்தான் முதல் வாரத்திலிருந்தே புலம்பினார்கள். அங்கே இழுக்குது, இங்கே குத்துது, உட்கார முடியல. அவர்களுடைய வலைகள் தளர்ந்து தளர்ந்து பேருக்குத்தான் உள்ளே கிடந்தன.

கம்பெனியின் மாதப் பத்திரிகையில் சேந்தன் ஒரு வரி எழுதினான். 'தாங்கியால் தீர்க்க முடியாத ஒரே நோய், மகன் இல்லாத ஏக்கம்.' மாடிக்கு மாடி சிரித்தார்கள். மோகன்குமார் அதைத் தன் கம்ப்யூட்டர் திரையில் ஓடவிட்டிருந்தார்.

கொஞ்ச நாளாக அம்மா சீரியலை நின்றுகொண்டே பார்க்கிறாள் என்பதையும் சேந்தன் கவனித்திருந்தான். கதை அவ்வளவு விறுவிறுப்பு என்று டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைத்தான்.

*

திருப்பூர்க்காரர் மயிலாத்தாள் போட்ட வழக்கு கோவையில் மருத்துவக் கருவி இழப்பீட்டு மன்றத்துக்கு வந்தது. கம்பெனி தரப்பு சாட்சியாகச் சேந்தனை அனுப்பினார்கள். கேள்வி தெளிவாக, மரியாதையாக இருந்தது என்று சொன்னால் போதும். அவன் முகம் பார்க்க அப்பாவி போல இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

மயிலாத்தாள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருபது வருஷமாக நின்றவர். தாங்கி வைத்து இரண்டு வருஷத்தில் வலை சதையை அறுத்துக்கொண்டு மூத்திரப் பையைத் தொட்டுவிட்டது. இன்னும் தாமதித்தால் பை ஓட்டையாகும், அப்புறம் எடுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெளியே எடுக்கும் ஆபரேஷன் சென்னையில் ஓரிடத்தில்தான் நடக்கும். அவர் செக்கிங் டேபிளில் இன்னும் இருபது வருஷம் நின்றாலும் அந்தச் செலவு கைக்கு எட்டாது. தீர்ப்பு சாதகமாக வந்தால் ஆபரேஷன் உண்டு. அவர் பொய்த் தகவல் கொடுத்தார் என்று முடிவானால் ஒன்றும் கிடையாது. அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மற்ற பெண்களுக்கும் கிடையாது.

மன்றத் தலைவர் சுலோசனா உட்காரச் சொன்னார்.

"இல்லீங்க. நிக்கறேனுங்க," என்றார் மயிலாத்தாள்.

கம்பெனி வக்கீல் ரகுராமன் அதிகம் பேசவில்லை. பதிவுகளைப் போட்டுக் காட்டினார். அவருக்கு மேலே இருந்த பெரிய திரையில் பேச்சு எழுத்தாக ஓடியது.

"அம்மா, இன்னிக்கு உள்ள வலி ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல கண்ணு. நீ சாப்டியா?"

"சாப்பிட்டேன்மா."

அடுத்த நாள். "இல்ல கண்ணு. மழ வருது, குடை எடுத்துட்டுப் போனியா?" அதற்கடுத்த நாள். "அம்மாக்கு என்ன கண்ணு, கல்லாட்ட இருக்கறேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவருக்கும் தொற்றிக்கொண்டது. நாளுக்கு நாள் மயிலாத்தாளின் குரல் தேய்ந்துகொண்டே போனது. பதில் மட்டும் மாறவில்லை. கடைசிப் பதிவில், பல்லைக் கடித்துக்கொண்டு வந்த ஒரு மூச்சுக்குப் பிறகு, "இல்ல... கண்ணு. நீ... சாப்டியா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "சாப்பிட்டேன்மா" என்று மெஷின் மட்டும் உற்சாகமாகச் சொன்னது. சேந்தன் அந்த வரியை எழுதும்போது உற்சாகமாக இருக்க வேண்டும் என்று குறிப்பே கொடுத்திருந்தான்.

இரண்டாவது வரிசையில் ஒரு வாலிபன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் அவனுடையது. மயிலாத்தாளின் மகன் கௌதம்.

"கருவி கேட்டுது. இவங்க இல்லைன்னாங்க. கருவி நம்பிச்சு," என்றார் ரகுராமன். "தன்னை நம்பினதுக்காக ஒரு கருவிமேல இவங்க கேஸ் போட்டிருக்காங்க."

மயிலாத்தாளின் வக்கீல் ஜெசிந்தா எழுந்தார். "அம்மா, ஏன் வலி இல்லைன்னு சொன்னீங்க? அதை மட்டும் மேடத்துக்குச் சொல்லுங்க. அது போதும்."

மயிலாத்தாள் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். அப்புறம் மேலே ஃபேனைப் பார்த்தார்.

"மறந்துட்டேனுங்க."

"தினமுமா மறந்தீங்க?"

"ஆமாங்க."

ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டார். ரகுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கு முடிந்துவிட்டது என்றால்தான் அவர் கண்ணாடி துடைப்பார். அடுத்த சாட்சி டீ இடைவேளைக்குப் பிறகு என்றார் சுலோசனா.

*

கேன்டீனுக்கு வெளியே, கார்களுக்குச் சார்ஜ் போடும் இடத்தில் சுவரில் ஒரு கை ஊன்றி மயிலாத்தாள் நின்றிருந்தார். இன்னொரு கையில் போண்டா. மகன் டீ வாங்கப் போயிருந்தான். சேந்தன் பார்க்காத மாதிரி தாண்டப் பார்த்தான்.

"ஏங்கண்ணு, நீதான என்ற பையனாட்டப் பேசற ஆளு?"

"குரல் அவரோடதுங்க. வசனம் மட்டும் நானு."

"நெம்ப நல்லா எழுதியிருக்கற. சாப்டியான்னு கேட்டா சாப்டேன்னு சொல்லுது. என்ற பையன் ஒரு நாளாச்சும் அப்புடிப் பதில் சொல்லியிருப்பானா? 'ம்'ம்பான். அதுவே பெரிசு." போண்டாவைப் பாதி பிய்த்து நீட்டினார். "இந்தா, தின்னு. மூஞ்சியே வாடிக் கெடக்குது."

எதிர்த்தரப்புச் சாட்சி போண்டா வாங்கலாமா என்று கம்பெனி சொல்லித்தரவில்லை. வாங்கிக்கொண்டான்.

"உக்காருங்களேன், அங்க பெஞ்சு இருக்குதுங்க."

"உக்காந்தா எந்திரிக்கோணுமே." சிரித்தார். "பாவாடை நாடா இறுக்கமா இருந்தா நாமளே அந்தப்பக்கம் திரும்பி அவுத்துக் கட்டிக்கலாம். நீங்க நாடாவ உள்ள வெச்சுப்போட்டு முடிச்சை என்ற பையன் கையில குடுத்துட்டீங்க. அவங்கிட்டப் போயி அவுத்துவுடு சாமின்னு எப்புடிக் கேக்கறது?"

சேந்தன் மிச்சப் போண்டாவைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டான்.

"உள்ள இதச் சொல்லியிருக்கலாமுங்களே."

"அவன் முன்னாலயா?" என்றார் மயிலாத்தாள். அவனுக்குப் புத்தி சுவாதீனம் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தார். "உங்கம்மாக்கு இது இருக்குதா?"

"இருக்குதுங்க. முதல் முகாம்லயே வெச்சோம். அவங்க நல்லா இருக்காங்க. தினமும் எங்கிட்டச் சொல்..." வாக்கியம் பாதியில் நின்றது. அம்மா ஹாலில் நிற்பது ஞாபகம் வந்தது. சீரியல் முடிந்து, விளம்பரமும் முடிந்து, செய்தி ஓடும்போதும் நின்றாள். சாப்பிடும்போது அடுப்பு மேடையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் கிடைத்த சீட்டை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு நின்றாள். அதற்கு 'அன்னை தெரசா' என்று அவன் பெயர்கூட வைத்திருந்தான்.

"போனப் போட்டுக் குடு," என்றார் மயிலாத்தாள்.

போட்டுக் கொடுத்தான்.

"ஏனுங்க அம்மிணி, நான் திருப்பூருங்க. உங்க பையன் இங்க எங்கூடத்தான் நின்னுட்டிருக்குது. இல்லீங்க, இல்லீங்க, ஒண்ணும் ஆகல. தின்னுட்டுத்தான் இருக்குது. போண்டாதானுங்க." சிரித்தார். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எந்த முகாம். பிறகு மயிலாத்தாள் குரலைத் தாழ்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் வெறும் "ம்", "ம்". திடீரென்று, "உங்களுக்குமாங்க?"

சேந்தன் ஓரடி முன்னால் வைத்தான். மயிலாத்தாள் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காரைப் பிடித்து, அடுத்த காரைப் பிடித்து, தத்தித் தத்தி அந்தக் கோடி வரை போய்விட்டார்.

இடைவேளை முடிந்து மணி அடிக்கும் வரை அவர்கள் பேசினார்கள். தன் அம்மாவுக்கு இவ்வளவு நேரம் பேசுவதற்கு விஷயம் இருக்கும் என்று சேந்தனுக்குத் தெரியாது. அவனோடு பேசினால் சாப்பாட்டோடு முடிந்துவிடும். மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. தனக்காகவா, அம்மாவுக்காகவா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து போனை அவன் கையில் வைத்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

மயிலாத்தாள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானது. வீட்டில் தினமும் பார்ப்பது.

"நல்லா இருக்காங்களாம் கண்ணு," என்றார்.

*

"கேள்விய எழுதினது நீங்கதானே?" ரகுராமன் கேட்டார்.

"ஆமாங்க."

"கேள்வி தெளிவா இருந்துதா?"

"தெளிவுதாங்க. கேட்ட ஆள்தான் தப்பு."

ரகுராமன் இதை எதிர்பார்க்கவில்லை. "கேட்ட கேள்விக்கு மட்டும்..."

"சொல்ல விடுங்க," என்றார் சுலோசனா.

சேந்தன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "மகள் குரல்ல கேட்டவங்களும், நர்ஸ் குரல்ல கேட்டவங்களும் முதல் வாரமே வலிக்குதுன்னு சொல்லிட்டாங்க. மகன் குரல்ல கேட்டவங்க மட்டும்தான் சொல்லல. எங்களுக்கு அது தெரியும். எல்லாருக்கும் தெரியும். நாங்க அதை வெச்சு ஒரு ஜோக் போட்டோம்."

"என்ன ஜோக்?" என்றார் சுலோசனா.

"அது வேண்டாமுங்க."

"சொல்லுங்க."

மேடையில் எத்தனையோ ஜோக் சொன்னவன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே புருவத்தைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தவன். "தாங்கியால் தீர்க்க முடியாத ஒரே நோய், மகன் இல்லாத ஏக்கம்," என்றான். திரையில் அது பெரிய எழுத்தில் ஏறி நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. அழித்தால் தேவலை என்று இருந்தது. மன்றத்தின் பதிவு என்பதால் அது அழியாது.

"எழுதினது யாரு?"

"நாந்தானுங்க."

ஜெசிந்தா எழுந்தார். "முதல் முகாம் பட்டியல்ல உங்கம்மா பேரும் இருக்கு, இல்லையா? அவங்களுக்கு வலி இருக்கா?"

"தெரியாதுங்க."

"தினமும் கேக்கறீங்களே?"

"அதனாலதாங்க தெரியாது."

இரண்டாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது. கௌதம் எழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் ஒரு நொடி தயங்கினான். ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கதவைத் திறந்து வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தினான்.

மயிலாத்தாள் சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு சுலோசனாவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், இப்பச் சொல்றேனுங்க. இந்தத் தம்பியையும் வெளிய போகச் சொல்லுங்க."

*

வராந்தாவில் இரண்டு மகன்கள் நின்றார்கள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை. கேட்காத தூரத்துக்கு இருவரும் தாங்களாகவே நகர்ந்திருந்தார்கள்.

"உங்களை அடிக்கலாம்னு வந்தேன்," என்றான் கௌதம்.

"அடிங்க."

"விடுங்க." சட்டைப் பையில் எதையோ தேடினான், இல்லாமல் கையை எடுத்தான். "உங்க மெஷின் எங்கூட்டுக்கு வந்தப்புறம் எனக்கு ஒரு நிம்மதிங்க. அதுதான் தினமும் கேக்குதே. கேட்டாச்சுல்ல. நான் நெசமாலுமே ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. கேட்டா என்ன சொல்லியிருப்பாங்களோ."

"நல்லா இருக்கேன்னு சொல்லியிருப்பாங்க."

"அப்பவும் கேட்டிருக்கலாமுல்ல," என்றான் கௌதம்.



*

உத்தரவு வந்தபோது அதில் சில விஷயங்கள்தான் செய்தியில் அடிபட்டன. மயிலாத்தாள் பொய் சொன்னார் என்ற வாதம் ஏற்கப்படவில்லை, கேட்ட குரலே பதிலைத் தடுத்துவிட்டது. வலையை எடுக்கும் செலவும் இழப்பீடும் கம்பெனியுடையது. மற்றப் பெண்களுக்கும் முறை வரும். அதுவரை, தினக் கேள்வியை யார் குரலில் கேட்க வேண்டும் என்பதை அந்தந்தப் பெண்ணே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது.

மயிலாத்தாளுக்கு ஆபரேஷன் நடந்தது. வலையை முழுதாக எடுக்க முடியவில்லை. சில இடங்களில் அது சதையோடு சதையாகிவிட்டது, அங்கெல்லாம் விட்டுவிட்டார்கள். மூத்திரப் பை தப்பித்தது. இப்போது உட்காருகிறார், கொஞ்ச நேரம். செக்கிங் டேபிளுக்குத் திரும்பவில்லை.

சேந்தனின் திறமைக்கு வெளியே நிறைய வாய்ப்புகள் இருப்பதாகக் கம்பெனி கருதியது. கேடயத்தை அவன் அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

வீட்டில் ஒரு நாள் இட்லி ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள். "வர்ற மாசம் மெட்ராசுக்கு ஒரு நடை போகோணும். மயிலாத்தாக்கா கூட வருது. நீ வர வேண்டாம்."

"எதுக்கும்மா?"

"ஒண்ணுமில்ல சாமி. சும்மா ஒரு செக்கப்பு."

"சரிம்மா," என்றான். அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல், தானும் எழுந்து நின்றபடி சாப்பிட்டான். அம்மா அவனைப் பார்த்தாள். இன்னோர் இட்லி வைத்தாள்.

அன்று மாலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் போனை எடுத்து வந்து நீட்டினாள். "இதுல அக்கா குரலு போடறதாமா. அக்கா ரெக்கார்டு பண்ணிக் குடுத்திருச்சு. எங்க அமுக்கறதுன்னு தெரியல."

மாற்றிக் கொடுத்தான். திரையில் அவன் பெயர் போய் மயிலாத்தாள் பெயர் வந்தது. இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள். பிறகு குறைத்தாள்.

"நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வர்றேம்மா," என்றான் சேந்தன்.

"போயிட்டு வா சாமி," என்றாள் அவள், உடனே.

வாசல் கதவைச் சாத்தும்போது உள்ளே அந்தக் குரல் கேட்டது. "ஏனுங்க அம்மிணி, இன்னிக்கு எப்புடி இருக்குது? நெசத்தச் சொல்லுங்க." அம்மா பேச ஆரம்பிப்பதற்குள் அவன் வேகமாகத் தெருவில் இறங்கினான்.

முக்கில் டீக்கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் மகள் கல்யாணம், ஒரு வாரம் விடுமுறை என்று ஷட்டரில் சாக்பீஸில் எழுதியிருந்தது. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் தரணி நின்றிருந்தான், சேந்தனோடு பள்ளியில் படித்தவன். எதிர் வீட்டு விமல் நின்றிருந்தான். ஜன்னலை உடைத்த கோஷ்டியில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் சேந்தன் வீடு வீடாகப் போய் அழைத்ததால் முகாமுக்குப் போன அம்மாக்களின் மகன்கள். ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனிலும் ஒன்றும் ஓடவில்லை.

சேந்தனைக் கண்டதும் தரணி மட்டும் நிமிர்ந்தான். திட்டுவான் என்று சேந்தன் நின்றான். தரணி நகர்ந்து இடம் விட்டான்.

"கடை எப்பத் திறப்பாங்க?" என்று கேட்டான் விமல், கேட்க வேண்டும் என்பதற்காக.

"இப்பத் திறந்துருவாங்க," என்றான் தரணி, சாக்பீஸ் எழுத்தின் மேல் சாய்ந்தபடி.

யாரும் கிளம்பவில்லை. தெருவிளக்கு எரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. வெகுநேரம் கழித்து முதலில் விமல் போனான், அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியாகச் சேந்தன்.

அம்மா ஹாலில் நின்றுகொண்டுதான் இருந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள். முகத்தில், ரொம்ப நாளாக அவன் பார்க்காத ஏதோ ஒரு தளர்வு.

"டீ குடிச்சியா சாமி?"

"குடிச்சேம்மா," என்றான் சேந்தன். "நல்லா இருந்துச்சு."